சிதறல்மிகையைத் 'திரட்சி' ஆக்காதீர்கள்

டர்பனில் நம் ஆட்களிடம் கேப் டவுன் பக்கத்துக் கூபர்க் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்தச் சுவருக்குள் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகுமாமே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். காமா கதிருக்கான 'பில்டப் ஃபாக்டர்' என்பதைத் 'திரட்சிக் காரணி' என்று எழுதினால் வேறு எப்படிக் கேட்பார்கள்?

ஆங்கிலத்தில் 'பில்ட்' என்றால் கட்டுவது, 'அப்' சேர்ந்தால் மெல்ல மெல்ல மிகுவது. சொல் வரலாறு அவ்வளவு போதும். தடுப்பைக் கடக்கும் காமா கதிரில் மோதாமல் நேரே வரும் பங்கை அடுக்குக்குறிக் கணக்கு சொல்லிவிடும். மோதித் திசை மாறியவற்றிலும் ஒரு பகுதி மறுபக்கம் வந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்த டோஸை (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சின் அளவை), நேரே வந்ததன் டோஸால் வகுத்தால் கிடைப்பதே இந்த எண்.

திரள்வது என்றால் ஓரிடத்தில் தங்கிச் சேர்வது. வெண்ணெய் திரள்கிறது, கூட்டம் திரள்கிறது. காமா கதிர் சுவரில் தங்காது. உறிஞ்சப்படும் அல்லது வெளியேறும். கதிர் புறப்படும் மூலத்தை அகற்றினால் அந்தக் கணமே சிதறி வரும் மிகையும் போய்விடும். (நியூட்ரான் பட்டுச் சுவரே கதிரியக்கம் பெறுவது வேறு விஷயம்.) இன்னும் சிலர் 'கட்டமைப்புக் காரணி' என்கிறார்கள். அது படிகவியலில் எக்ஸ் கதிர்ச் சிதறலுக்கு வழங்கும் சொல். சூத்திரத்தைப் பார்க்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். வார இறுதி வகுப்பில் தமிழ் படிக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு தமிழ் நூல் எங்கே இருக்கிறது?

'மிகு' என்பதிலிருந்து 'மிகை'. ஆகவே சிதறல்மிகைக் காரணி. எங்கிருந்து மிகுகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. 1 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிருக்கு, 10 சராசரி மோதலிடைத் தூரம் (ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே கதிர் சராசரியாகக் கடக்கும் தூரம்) தடிமனுள்ள நீரில் இது 25-ஐ ஒட்டி வரும். ஈயத்தில் 4-ஐத் தொடாது. நீர் பெரும்பாலும் சிதறடிக்கிறது. ஈயமோ, சிதறி வலுவிழந்தவற்றை ஒளிமின் விளைவால் (கதிர் தன் ஆற்றலை ஓர் எலக்ட்ரானுக்குக் கொடுத்து மறைவதால்) விழுங்கிவிடுகிறது. அதனால்தான் நீர் உள்ளே மூலத்தின் பக்கம், ஈயம் வெளியே என்று அடுக்கினால் மிகை குறைகிறது. பிரிட்டோரியா அருகே பெலிண்டாபாவில் 1965 முதல் இருக்கும் சஃபாரி-1 அணு ஆராய்ச்சி உலை போல நீரை நம்பும் இடத்தில் இந்த எண்ணை விட்டுவிட்டால், டோஸ் பல மடங்கு குறைவாகத் தெரியும்.

சரி, 'பில்டப்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்பாரும் உண்டு. நம் பேச்சில் பில்டப் என்றால் இல்லாததைப் பெரிதாக்கிக் காட்டுவது. இந்த மிகையோ உடம்பில் உண்மையாகவே படும் டோஸ். பாதுகாப்புக் குறிப்பில் அந்தச் சொல் வேண்டாம்.