கேள்வி கேட்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது

அவசர எண்ணுக்கு எப்போதாவது அழைத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஆளு மயங்கிக் கிடக்கிறார், சீக்கிரம் வண்டி அனுப்புங்கன்னு கத்துறேன். அவங்க வயசு என்ன, மூச்சு விடுறாரான்னு கேள்வி மேல கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காங்க." எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகுதான் யாரோ எழுந்து போய் வண்டியைக் கிளப்புவார்கள் என்று நினைப்பதால் வரும் கோபம் இது. அந்த நேரத்தில் யாருக்கும் வரும். ஆனால் போனின் மறுமுனையில் நடப்பது வேறு.

அமெரிக்காவின் அவசர எண்ணான 911-இன் கட்டுப்பாட்டு அறையை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் பெரிய ஊர் என்றால் அங்கே இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கும். போனை எடுத்துப் பேசுபவர் கால் டேக்கர். வண்டிகளோடு ரேடியோவில் பேசுபவர் டிஸ்பாட்சர். கால் டேக்கர் தட்டச்சு செய்யச் செய்ய, அந்த வரிகள் டிஸ்பாட்சரின் திரையிலும் வந்துகொண்டே இருக்கும். இடம் எது, பிரச்சினை என்ன என்ற இரண்டும் தெரிந்தவுடன் பக்கத்தில் இருக்கும் ஆம்புலன்ஸுக்கு அவர் தகவல் கொடுத்துவிடுவார். நீங்கள் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பியிருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் வண்டியில் வருபவர்களுக்குப் போகிறது. எந்த வாசல் திறந்திருக்கிறது, வீட்டில் நாய் இருக்கிறதா, நோயாளி மாடியில் இருக்கிறாரா என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். சிறிய ஊர்களில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார். உங்கள் பக்கம் சில நொடிகள் சத்தமே இல்லாமல் போனால், அவர் ரேடியோவில் வண்டியை அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இதை அழைத்தவரிடமே சொல்லிவிட வேண்டும் என்பது அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று. "வண்டி வந்துகிட்டே இருக்கு. நான் கேட்கிறதால அது தாமதமாகாது." இந்த இரண்டு வரியைக் கேட்டதும் குரல் ஒரு படி இறங்குபவர்கள் நிறைய.

முதல் கேள்வி இடத்தைப் பற்றியது. என்ன நடந்தது என்று தெரியாமல் லைன் கட்டானாலும், இடம் தெரிந்தால் யாரையாவது அனுப்பிப் பார்க்கலாம். இடம் தெரியாமல் நோயை மட்டும் எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் பயனில்லை. வீட்டு லேண்ட்லைன் காலத்தில் எண்ணோடு முகவரியும் திரையில் வந்துவிடும். இன்றைக்குப் பெரும்பாலான அழைப்புகள் மொபைலில் வருகின்றன. மொபைல் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அதை வைத்துத்தான் அழைப்பு எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்பது நெடுங்காலம் முடிவாகி வந்தது. மாவட்ட எல்லையில் நின்று அழைத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் எடுக்கும் நிலை இருந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் விதித்திருக்கும் அளவு, 80 சதவீத மொபைல் அழைப்புகளிலாவது இடம் 50 மீட்டருக்குள் தெரிய வேண்டும் என்பது. வயல்வெளியில் 50 மீட்டர் ஒன்றுமில்லை. அடுக்குமாடிகள் நெருங்கிய தெருவில் அந்த வட்டத்துக்குள் பல கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் பல தளங்கள். திரையில் புள்ளி தெரிந்தாலும் கால் டேக்கர் உங்களிடம் முகவரியைக் கேட்பதும், கேட்டதை உங்களையே திரும்பச் சொல்லச் சொல்வதும் இதனால்தான்.

நம் ஊர் 108, 112 எண்களிலும் இதே சிக்கல் இன்னும் கனமாக இருக்கிறது. தெருப் பெயர், கதவு எண் என்று சொல்ல முடியாத இடங்களே அதிகம். ரேஷன் கடைக்குப் பின்னால், பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சந்து என்றுதான் சொல்வோம். அது தவறே இல்லை. எந்த ஊர், எந்த மாவட்டம் என்பதை முதலில் சொல்லிவிட்டு அடையாளத்தைச் சொன்னால் போதும். மாநிலம் முழுவதிலிருந்தும் அழைப்பு வரும் அறையில் "பிள்ளையார் கோயில் பக்கத்துல" என்று தொடங்கினால் அவர் எங்கே என்று தேடுவார்?

இடத்துக்கு அடுத்தபடியாக, மருத்துவ அழைப்பில் இரண்டு கேள்விகள் உயிர்நாடி: நினைவு இருக்கிறதா? மூச்சு சாதாரணமாக இருக்கிறதா?

இரண்டுக்கும் பதில் "இல்லை" என்றால், வேறொன்று நிரூபணமாகும்வரை அது இதய நிறுத்தம். உடனே மார்பை அழுத்தச் சொல்லியாக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் "சாதாரணமாக" என்ற சொல்லில் இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு சில நிமிடங்களுக்குத் திணறலான, நீண்ட இடைவெளி விட்ட மூச்சை எழுப்பிக்கொண்டிருக்கும். குறட்டை போல, விக்கல் போல, முனகல் போலக் கேட்கும். இதய நிறுத்தங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் இந்தத் திணறல் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பக்கத்தில் நிற்கும் மகளோ கணவரோ இதைப் பார்த்துவிட்டு, "மூச்சு விடுறாருங்க" என்று நிம்மதியாகச் சொல்வார். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டால் நோயாளி கை நழுவிப் போய்விடுவார்.

தேர்ந்த கால் டேக்கர் இங்கே நின்றுவிடுவதில்லை. "அவர் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ‘இப்போ’ன்னு சொல்லுங்க" என்பார். "இப்போ..." அப்புறம் நீண்ட அமைதி. பத்து நொடி கழித்து இன்னொரு "இப்போ". கண்ணால் பார்க்காமலே மூச்சின் இடைவெளியை அளந்துவிட்டார். அடுத்த நொடியே குரல் மாறுகிறது. "சரி, அவரைக் கட்டில்ல இருந்து தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. மார்புக்கு நடுவுல ஒரு கையை வைங்க, அதுக்கு மேல இன்னொரு கை. நல்லா அழுத்துங்க. என்னோட சேர்ந்து சத்தமா எண்ணுங்க: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

தரையில் ஏன்? மெத்தையில் அழுத்தினால் மார்புக்குப் பதில் மெத்தைதான் அமுங்கும். ஏன் எண்ண வேண்டும்? நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் என்பது கணக்கு. அழைத்தவர் வாய்விட்டு எண்ணினால்தான் வேகம் குறைகிறதா என்று மறுமுனையில் தெரியும். உடலில் இருக்கும் ரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குத் தேவையான ஆக்சிஜன் இருக்கிறது. அதை மூளைக்குத் தள்ளிவிட ஒரு பம்பு மட்டும் வேண்டும். அந்த இரண்டு கைகள்தான் பம்பு. யாரும் எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. சிறப்பாக இயங்கும் அறைகளுக்கு அமெரிக்க இதயச் சங்கம் வைத்திருக்கும் இலக்கு, முகவரி கிடைத்ததிலிருந்து 90 நொடிக்குள் முதல் அழுத்தம் விழ வேண்டும் என்பது.

"என்னால முடியாது, எலும்பு உடைஞ்சிடும், பயமா இருக்கு" என்று அழுவார்கள். அப்போது கால் டேக்கர் வாதாடுவதில்லை, குரலை உயர்த்துவதும் இல்லை. ஒரே வாக்கியத்தை, ஒரே தொனியில், காரணத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "அவரைக் காப்பாத்த நாம இதைச் செய்யணும், கையை மார்பில வைங்க." பதற்றத்தில் இருக்கும் மனம் புதுப்புதுச் சொற்களை வாங்காது, திரும்பத் திரும்ப வரும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கேள்விகளை வரிசைப்படுத்தி அட்டைகளாக்கியவர் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர். 1970-களின் இறுதியில் சால்ட் லேக் சிட்டியில் அவர் தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் கணினியில் ஓடுகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், தீவிரத்துக்கு ஏற்ப ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று படிகள், உச்சத்தில் எக்கோ. பதில்களைப் பொறுத்து எந்த வண்டி, எவ்வளவு வேகம் என்பது முடிவாகும். எழுதி வைத்ததை வாசிக்க எதற்கு அனுபவம் என்று சிலர் கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதி வைத்த வரி, நள்ளிரவு மூன்று மணிக்குக் களைத்திருக்கும் மனிதர் ஒரு முக்கியக் கேள்வியை மறந்துவிடாமல் காக்கிறது. ஆனால் வந்த பதில் நம்பத்தக்கதா என்பதை எந்த அட்டையும் சொல்லாது.

அவசரமில்லாத அழைப்புகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். திருட்டுப்போன சைக்கிள், பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம், வழியை மறித்த கார் போன்றவற்றுக்குப் பல ஊர்களில் தனி எண் உண்டு. பால்டிமோர் நகரம் 1996-இல் இதற்காகவே 311 என்ற எண்ணைத் தொடங்கியது. 911 அடைபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பல அறைகளில் இரண்டு லைனையும் எடுப்பது ஒரே ஆள்தான். அழைப்பவர் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 911-ஐ அழைத்துப் பதறுபவரின் பூனை மரத்தில் ஏறியிருக்கும், அவ்வளவுதான். சாதாரண லைனில், "தொந்தரவுக்கு மன்னிக்கணும், அவசரமெல்லாம் இல்ல, அப்பாவுக்குக் காலையில இருந்து பேச்சு குழறுது" என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார். அது பக்கவாதமாக இருக்கலாம். குரலின் பதற்றத்தை வைத்து நோயின் தீவிரத்தை எடைபோடக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளவே வருடங்கள் ஆகின்றன.

பேச முடியாதவர்களும் அழைப்பார்கள். 2019-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஓரிகன் நகரில் ஒரு பெண் 911-ஐ அழைத்து பீட்சா வேண்டும் என்றார். தவறான எண் என்று முதலில் சொன்ன பணியாளர், அவர் விடாமல் பேசுவதைக் கேட்டு, அடிப்பவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதைப் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை மட்டும் கேட்டார். போலீஸ் சைரனை அணைத்துவிட்டு வந்து சேர்ந்தது. வெறும் மௌனமாக வரும் அழைப்புகளையும் இப்படியே கையாள்கிறார்கள். ஆகவே தவறுதலாக எண்ணை அழுத்திவிட்டால் பயந்து கட் செய்யாதீர்கள். தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும்.

நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் நிமிடத்துக்குள் இருபது அழைப்புகள் வரும். பத்தொன்பதும் ஒரே செய்தி. இருபதாவது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடந்த வேறு விபத்தாக இருக்கலாம். "தெரியும், வண்டி அனுப்பிட்டோம்" என்று வைப்பதற்கு முன் சாலையின் எந்தப் பக்கம், மோதிய வண்டியின் நிறம் என்ன என்று மூத்தவர்கள் கேட்டுவிடுவார்கள்.

மொழியும் ஒரு தடை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 1982-இல் போலீஸாருக்கும் வியட்நாமிய அகதிகளுக்கும் இடையே மொழிபெயர்க்கத் தொடங்கிய தொலைபேசிச் சேவையை இன்று ஏராளமான 911 அறைகள் பயன்படுத்துகின்றன. அதன் மொழிகளில் தமிழும் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் "டமில்" என்ற ஒரு சொல் போதும். மொழிபெயர்ப்பாளர் லைனில் சேர்க்கப்படுவார். அமெரிக்கா கிளம்பும் பெற்றோருக்கு இதையும் வீட்டு முகவரியையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இந்த வசதி எல்லோருக்கும் எப்போதும் கிடைத்ததில்லை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் 911 பணியாளராக இருந்த நார்மா டோரஸ், 1994-இல் தான் எடுத்த ஓர் அழைப்பைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் போதாமல் அந்த அழைப்பு சுமார் 20 நிமிடம் காத்திருந்தது. அவர் எடுத்தபோது மறுமுனையில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அது அவரை அரசியலுக்கு இழுத்தது. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். 2019-இல் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு 911 பணியாளர்களை அலுவலக, நிர்வாக உதவியாளர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. 2018-இல் திருத்தியபோதும் அது மாறவில்லை. போலீஸ், தீயணைப்பு வீரர்களோடு பாதுகாப்புப் பணியாளர் பட்டியலில் இவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதே மசோதாவின் கோரிக்கை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கைகளைத் தன் குரலால் இயக்கி, அவள் கணவரின் மார்பை எட்டு நிமிடம் அழுத்தவைத்துவிட்டு, அவர் பிழைத்தாரா என்றுகூடத் தெரியாமல் அடுத்த அழைப்பை எடுக்கும் வேலை இது. அதை எழுத்தர் வேலையோடு சேர்த்து வைத்திருப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.