பித்ரியில் வெள்ளி மட்டும் ஏன் கருப்பதில்லை?

பித்ரி என்ற உலோகக் கலையில் செய்த ஜாடியைப் பார்த்தால், கருப்பு வண்ணம் பூசி அதன்மேல் வெள்ளிக் கோடு வரைந்தது போலத்தான் தெரியும். ஆனால் அதில் பூச்சே கிடையாது. அந்தக் கருப்பு, உலோகமே நிறம் மாறியது.

கர்நாடகத்தின் வடகோடியில், 15-ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்களின் தலைநகரான பீதரின் கலை இது. பாத்திரம் பெரும்பாலும் துத்தநாகம். செம்பு கொஞ்சம்தான், பொதுவாக பதினாறுக்கு ஒரு பங்கு. மண் அச்சில் வார்த்து, அரத்தால் வழுவழுப்பாக்கி, மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலைத் தேய்ப்பார்கள்; மேற்பரப்பு தற்காலிகமாகக் கருக்கும். பளபளக்கும் உலோகத்தில் வடிவத்தை வரையும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கருமையில் பளிச்சென்று தெரியும். அப்புறம் சிற்றுளியால் பள்ளம் தோண்டி, வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டி இறுக்குவார்கள். பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. மென்மையான வெள்ளி பள்ளத்தின் சுவரோடு நெருங்கி விரிந்து கவ்விக்கொள்கிறது. கம்பி பதிப்பது தார்கஷி, தகடு பதிப்பது தேநிஷான்.

பதித்தபின் மறுபடி தேய்த்தால் அந்தக் கருமை போய்விடும். வெள்ளியும் துத்தநாகமும் ஒரே மாதிரி வெளுத்து, அத்தனை உழைப்பும் மறைந்துவிட்டது போலிருக்கும். கடைசிப் படிதான் அதை மீட்கிறது. பீதர் கோட்டையின் மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் கலந்து, லேசாகச் சூடாக்கிய பாத்திரத்தில் தேய்க்கிறார்கள். வெயிலும் மழையும் படாத இடத்து மண்தான் வேண்டும். அதை நாக்கில் வைத்து ருசி பார்த்தே தேர்ந்தெடுக்கும் கைவினைஞர்கள் உண்டு.

நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. அது மேற்பரப்பிலிருக்கும் துத்தநாகத்தை அரிக்கிறது. துத்தநாகம் சுலபமாகக் கரையும், செம்பு அவ்வளவு சுலபமாகக் கரையாது. அதனால் மேலே செம்பு மிகுந்த மெல்லிய படலம் மிஞ்சுகிறது; கருப்பு நிறம் அதில் உருவாகும் செம்புச் சேர்மங்களிலிருந்து வருகிறது. வெறும் துத்தநாகத்தில் இதே கலவையைத் தேய்த்தால் சாம்பல் நிறத்தைத் தாண்டாது. அந்தச் சிறு பங்குச் செம்புதான் இந்தக் கலைக்கு உயிர் என்பேன். வெள்ளியோ வேதிவினையில் மந்தமானது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நவச்சாரத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கழுவி எண்ணெய் தடவினால் கருமை இன்னும் ஆழமாகும்.

வீட்டில் பித்ரி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளாக ஆக, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளியும் மங்கும். அதற்காக உலோகப் பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். மெல்லிய கரும்படலமும் சேர்ந்து போய்விடும். மென்மையான துணியால் வெள்ளியை மட்டும் துடைத்தால் போதும்.