ஒன்லைனை உறையில் போட்டு ஒட்டி வைக்காதீர்கள்

போன வெள்ளிக்கிழமை மாலை ஒரு தம்பி அலுவலகத்துக்கு வந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தோள்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேஜையில் வைத்தார். பதிவுத் தபாலில் வந்தது. அனுப்புநரும் அவரே, பெறுநரும் அவரே. ஒட்டிய இடத்தின் மேல் செலோடேப், அதன் மேல் குறுக்காக அவருடைய கையெழுத்து. தபால் முத்திரை பாதி அழிந்திருந்தது. நான் கையை நீட்டியதும், "பிரிச்சிடாதீங்க மேடம், கோர்ட்லதான் பிரிக்கணும்" என்றார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரே ஒரு பக்கமாம், படத்தின் கருவைச் சுருக்கிச் சொல்லும் குறிப்பு. ஒன்லைன்.

இந்த வருடம் என் மேஜைக்கு வந்த நான்காவது உறை இது. நான்கும் ஒரே வகைப் படம். டார்க் ரொமான்டிக் காமெடி, அதாவது காதலும் சாவும் சிரிப்பும் கலந்த கதை, சின்ன பட்ஜெட், நண்பர்களே எல்லா வேலையும் பார்ப்பார்கள். இவர் மூன்று வருடமாக வைத்திருந்த ஒன்லைனைப் போலவே ஒரு பெரிய நிறுவனத்தின் டீசர் வந்திருக்கிறது. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கதை என்ன என்று இங்கே எழுத மாட்டேன். என்னிடம் வருகிறவர்களின் கதை என் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. ஆனால் இந்த உறையைப் பற்றி இனியும் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது. சினிமா ஒப்பந்தங்களையும் பதிப்புரிமை வழக்குகளையும் பார்க்கிற வழக்கறிஞர் என்ற முறையில் இங்கே எழுதிவைக்கிறேன். நீங்கள் இப்படி ஒரு படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒன்று. ஒன்லைனுக்குப் பதிப்புரிமை கிடையாது. பதிவுத் தபாலில் அனுப்பினாலும் கிடையாது, நோட்டரி முத்திரை வைத்தாலும் கிடையாது. யோசனை யாருக்கும் சொந்தமில்லை. அந்த யோசனையை நீங்கள் எழுதிய விதம்தான் உங்களுக்குச் சொந்தம். 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தன் நாடகத்தைத் திருடிப் படமாக்கிவிட்டார்கள் என்று ஒரு நாடக ஆசிரியர் தொடுத்த வழக்கு அது. கருவும் கதைப்பொருளும் ஒன்றாக இருக்கலாம். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகருக்கு 'இது அதன் நகல்தான்' என்று ஐயமில்லாமல் தோன்றினால்தான் அது மீறல் என்றது நீதிமன்றம். நாடக ஆசிரியர் தோற்றார். இன்றைக்கும் எந்த நீதிபதியும் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

இந்த வகைப் படம் எடுப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லிப் புரியவைப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். டார்க் ரொமான்டிக் காமெடியில் ஒன்லைன்தான் எல்லாம் என்று தோன்றும். ஒரே வாக்கியம் சொன்னதும் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுகிறார், கூடவே கொஞ்சம் பயப்படவும் செய்கிறார். அதனால் படமே அந்த வாக்கியத்துக்குள் இருப்பதாக நம்பிவிடுகிறோம்.

'தி லாப்ஸ்டர்' படத்தை எடுத்துக்கொள்வோம். கிரேக்க இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸ், தன்னோடு தொடர்ந்து எழுதிவரும் எஃப்திமிஸ் ஃபிலிப்புவோடு சேர்ந்து எழுதிய படம். 2015-ல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஜோடி இல்லாதவர்களை ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் வைப்பார்கள். 45 நாளுக்குள் துணை கிடைக்காவிட்டால் விலங்காக மாற்றிவிடுவார்கள். இதுதான் ஒன்லைன். நாளைக்கே நீங்கள் கொடைக்கானல் லாட்ஜ் ஒன்றில் இதே கருவை வைத்து வேறு ஆட்கள், வேறு சம்பவங்கள், வேறு முடிவோடு ஒரு படம் எழுதினால், அந்த ஒன்லைனை மட்டும் காட்டி உங்களை நிறுத்த முடியாது. விதியை மீறியவரின் கையை டோஸ்டரில் வைக்கும் காட்சி, காட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேச்சில்லாமல் ஆடும் நடனம், எல்லோரும் உணர்ச்சியைத் துடைத்து எடுத்துவிட்டதுபோல் பேசுகிற பேச்சு, இதெல்லாம் அவர்களுடையது. அதைத் தொட்டால்தான் வம்பு. திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை பக்கம் பக்கமாக எழுதிய அந்த எழுத்துக்குக் கிடைத்தது.

'சைட்சீயர்ஸ்' என்று 2012-ல் வந்த பிரிட்டிஷ் படமும் அப்படித்தான். ஒரு ஜோடி கேரவனில் சுற்றுலா கிளம்புகிறது, போகிற இடமெல்லாம் கொலை. எழுதியவர்கள் அதில் நடித்த ஆலிஸ் லோவும் ஸ்டீவ் ஓரமும்தான். அந்த இரண்டு பாத்திரங்களையும் வருடக்கணக்கில் நடித்துப் பார்த்து வளர்த்திருந்தார்கள். டிவிக்காரர்கள் 'ரொம்ப இருட்டாக இருக்கிறது' என்று தள்ளிவிட்ட கதை அது. அவர்களுடைய ஒன்லைனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மனிதர்களை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

"அப்ப விஜய் நடிச்ச 'சர்க்கார்' பட விஷயத்துல எப்படி மேடம்?" என்று உடனே கேட்பார்கள். 2018-ல் ஓர் உதவி இயக்குநர், தான் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் 2007-லேயே பதிவு செய்த கதையின் கரு அந்தப் படத்தில் இருக்கிறது என்று புகார் செய்தார். சங்கம் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னது. படம் வெளியாகும் முன் விஷயம் உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது, அவருக்கு டைட்டில் கார்டும் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் அது சமரசம், தீர்ப்பு இல்லை. சங்கம் கருவை வைத்து நியாயம் பேசும்; நீதிமன்றம் எழுத்தை வைத்து வழக்கைப் பார்க்கும். சங்கத்தில் பதிவு செய்யுங்கள், அவசியம் செய்யுங்கள். ஒரு பக்கத்தைப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்காதீர்கள். சங்கத்தில் பதிவான ஒரு பக்கம், நீதிமன்றத்திலும் ஒரு பக்கமாகத்தான் நிற்கும்.

சரி, அந்த உறையால் என்ன பயன்? அந்தத் தேதியில் ஓர் உறை தபாலில் போனது என்று சொல்லலாம், அவ்வளவுதான். காலி உறையை அனுப்பிவிட்டுப் பிறகு தாளைச் செருகவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். அதைவிட, ஒவ்வொரு டிராஃப்ட் முடிந்ததும் உங்களுக்கும் இணை எழுத்தாளருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். தேதியோடு, இணைப்போடு அது இருந்துகொண்டே இருக்கும். முழு ஸ்கிரிப்ட் முடிந்ததும் டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பதிவு கட்டாயமில்லை, எழுதிய நிமிடமே உரிமை வந்துவிடுகிறது. ஆனாலும் அந்தப் பதிவு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக, அதாவது யாராவது மறுத்து நிரூபிக்கும் வரை ஏற்கிற சான்றாக, நிற்கும். (பேச்சில் எல்லோரும் 'காப்புரிமை' என்கிறோம். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. கதைக்கு உள்ளது பதிப்புரிமை. ஒருவர் கதையை எடுத்துக்கொண்டு கிண்டியில் இருக்கும் பேடன்ட் அலுவலகத்துக்குப் போய் அரை நாள் காத்திருந்துவிட்டு வந்தார். சொல் மாறினால் போகிற இடமும் மாறிவிடுகிறது.)

தயாரிப்பாளரிடமோ நடிகரிடமோ நரேஷன், அதாவது முழுக் கதையையும், சொல்லிவிட்டு வந்த அன்றே, "இன்று உங்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன், ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன்" என்று நாலு வரி மெயில் போடுங்கள். சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அந்த நாலு வரி இல்லாததால் கைவிட்ட வழக்குகள் என் அலமாரியில் இருக்கின்றன.

இனி, யாருடைய வாழ்க்கையை எழுதுகிறீர்கள் என்ற கேள்வி. 2012-ல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' நினைவிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அடிபட்டு நினைவு தப்பிய மாப்பிள்ளை, மணப்பெண்ணையே பார்த்து யார் இது என்று கேட்கும் கதை. அது உண்மையில் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நடந்தது. பாலாஜி தரணீதரன் இயக்கிய அந்தப் படத்தை ஒளிப்பதிவு செய்தவரும் அதே பிரேம்குமார்தான். பின்னாளில் '96' எடுத்தவர். சம்பவத்துக்குச் சொந்தக்காரரே கேமராவுக்குப் பின்னால் நின்றார். உங்கள் படத்தில் அப்படி யாரும் நிற்பதில்லை. பிரிந்துபோன காதலியின் கதையை, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை, வரி மாறாமல் வசனமாக வைத்துவிட்டு வருகிறீர்கள். பெயரை மாற்றிவிட்டோமே என்கிறீர்கள்.

பெயரை மாற்றினால் போதாது. ஒரு கடிதம் உங்கள் கையில் இருந்தாலும் அதன் எழுத்துக்கு உரிமை எழுதியவருக்குத்தான். நீண்ட செய்திகளுக்கும் அதே வாதத்தை வைக்கலாம். அப்புறம் அந்தரங்கம். ஆட்டோ சங்கர் சுயசரிதை வெளியீடு தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம், அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம் போன்றவற்றைச் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. சட்டத்தை விடுங்கள். ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து, "நான் அழுதுக்கிட்டே அனுப்புன மெசேஜுக்குத் தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க மேடம்" என்றார். அவருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்தே இருப்பார். கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் வேறு வசனம் எழுதுங்கள்.

பாட்டு. இந்த வகைப் படத்தில் கொலை நடக்கும்போதும் பிணத்தை மறைக்கும்போதும் பழைய காதல் பாட்டு ஒலிக்காமல் இருப்பதில்லை. "டீக்கடை ரேடியோல ஓடுறதுதான் மேடம், முப்பது செகண்டுக்குக் கீழ" என்பார்கள். முப்பது செகண்டு சலுகை எதுவும் சட்டத்தில் இல்லை, பத்து செகண்டும் இல்லை. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமையாளர், மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமையாளர்கள் தனி. எல்லோரிடமும் அனுமதி வேண்டும். படப்பிடிப்புக்கு முன்பே விலை கேளுங்கள். படத்தின் உயிரே அந்தப் பாட்டில்தான் இருக்கிறது என்று ஆன பிறகு கேட்டால் பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

பிட்ச் டெக்கில், அதாவது கதையை விற்கக் காட்டும் குறிப்பில், மற்ற படங்களின் ஸ்டில்லைப் போடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். 'கொலாசல்' என்ற படத்தை விற்கத் தயாரித்த குறிப்பில் காட்ஸில்லா படங்களைப் பயன்படுத்தியதற்காக ஜப்பானின் தோஹோ நிறுவனம் 2015-ல் வழக்குப் போட்டது. படம் எடுத்து முடிப்பதற்கு முன்பே வழக்கு.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒப்பந்தம். நண்பர்கள்தானே என்று ஆறு பேர் சேர்ந்து எடுக்கிறீர்கள். ஒருவர் கேமரா கொண்டுவருகிறார், ஒருவர் வீட்டைக் கொடுக்கிறார், ஒருவரின் சித்தப்பா பணம் போடுகிறார். சட்டத்தின் கண்ணில் படத்தின் உரிமையாளர் தயாரிப்பாளர், அதாவது எடுக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். இயக்குநர் இல்லை. டைட்டிலை சித்தப்பா பெயரில் பதிவு செய்துவிட்டு, ஓடிடி வாங்க வரும்போது 'படம் என்னுடையது' என்று சொன்னால் அவர்கள் காகிதத்தைத்தான் கேட்பார்கள். ஒரே ஒரு நண்பரின் கையெழுத்து இல்லாமல், எடிட் முடிந்து ஹார்டு டிஸ்கிலேயே கிடக்கும் படங்கள் எனக்குத் தெரியும்.

திரைக்கதை எழுதியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால் தவிர உங்கள் உரிமை யாருக்கும் போகாது. எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வாங்கியவர் ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் உரிமை உங்களிடமே திரும்பும். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே வரும் வருமானத்தில் உங்களுக்குரிய ராயல்டியை நீங்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. 'எல்லா உரிமையும், என்றென்றைக்கும், பிரபஞ்சம் முழுவதும்' என்று எழுதிய அக்ரிமென்டில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணக் காசோலையோடு சேர்த்து நீட்டுவார்கள். ஒரு நாள் டைம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

சென்சார் பற்றிச் சுருக்கமாக. இந்த வகைக்குப் பெரும்பாலும் 'ஏ' கிடைக்கும். 'ஏ' சான்றிதழோடு டிவியில் ஒளிபரப்ப முடியாது. அதற்குத் தனியாக மறுசான்றிதழ் வேண்டும். சாட்டிலைட் பணத்தை, அதாவது டிவி உரிமைக்கு வரும் பணத்தை, நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். 'ஆரண்ய காண்டம்' படத்துக்கு 52 வெட்டு கேட்டபோது திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் மீட்க முடிந்தது. அந்தத் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான். அதற்கான நாட்களையும் செலவையும் முதலிலேயே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை வந்த தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "முழு ஸ்கிரிப்ட் எழுதவே இல்லையா?" "எழுதியிருக்கோம் மேடம். ஏழு டிராஃப்ட். எல்லாம் அவங்க லேப்டாப்ல இருக்கு" என்றார். யார் அவங்க? கூட எழுதிய தோழி. மூன்று வருடம் சேர்ந்து எழுதியவர். அந்த உறைக்குள் இருக்கும் பக்கத்தில் அவர் பெயர் உண்டா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் வராந்தாவில் நின்று அவருக்குப் போன் செய்தார்.

சாலிகிராமத்திலிருந்து அவர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. லேப்டாப்பைத் திறந்ததும் தேதி வாரியாக ஏழு கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் மெயில். முதல் வேலையாக, இந்தத் திரைக்கதை இருவரும் சேர்ந்து எழுதியது என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். டீசரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, படம் வந்த பிறகு காட்சி காட்சியாக ஒப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ஏழு டிராஃப்டையும் அச்செடுத்துக்கொண்டு இருவரும் வருகிறார்கள்.