பவுடரா, லிக்விடா? பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீர்

ஒரு கண்ணாடி டம்ளரில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணிகளுக்கென்று விற்கும் சலவைத்தூளில் ஒரு ஸ்பூன் அதில் போட்டு, கலக்காமல் இரண்டு நிமிடம் பாருங்கள். அடியில் போய் உட்கார்ந்த குருணைகளிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வரும். அது நுரை இல்லை. நீங்கள்தான் கலக்கவே இல்லையே. அந்தக் குமிழிகளில் இருப்பது ஆக்சிஜன். இன்னொரு டம்ளரில் சலவை லிக்விட் ஒரு ஸ்பூன் ஊற்றுங்கள். தேன் போல வழிந்து அடியில் படியும். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்காது.

எதை வாங்குவது என்று கடை அலமாரி முன்னால் நின்று யோசிக்கும்போது மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்போம், விலையைப் பார்ப்போம், கடைசியில் வழக்கமாக வாங்குவதையே எடுத்துக்கொண்டு வருவோம். பவுடரும் லிக்விடும் ஒரே சரக்கின் இரண்டு வடிவங்கள் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பாதி மட்டும்தான் சரி.

ஒரே சரக்கு என்று சொல்லக்கூடிய பாதியை முதலில் முடித்துவிடலாம். இரண்டிலும் முக்கியமான வேலையாள் சர்ஃபாக்டன்ட். இதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். துணியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கில் வால்கள் போய்க் குத்திக்கொள்ளும், தலைகள் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். துணி அலசப்படும்போது பிசுக்கு சிறு உருண்டைகளாகச் சுருண்டு கழன்றுவிடும். உருண்டையைச் சுற்றிலும் தலைகள் இருப்பதால் அது தண்ணீரோடு போகும். பழைய சோப்பும் இதையேதான் செய்தது. ஆனால் கடினநீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். வாளி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அது துணியிலும் படியும். செயற்கை டிடர்ஜென்ட் வந்ததற்கு இந்தத் தொல்லை ஒரு பெரிய காரணம்.

அப்படியும் கடினநீர் முழுக்க விடவில்லை. அதனால் கால்சியத்தை மடக்கிப் பிடிக்கத் தனியாக ஓர் ஆளைச் சேர்த்தார்கள். 1946-ல் அமெரிக்காவில் வந்த டைட் சலவைத்தூளில் அந்த வேலையைப் பார்த்தது பாஸ்பேட். துணி நன்றாக வெளுத்தது. கழிவுநீர் போய்ச் சேர்ந்த ஏரிகளில் பாசியும் அமோகமாக வளர்ந்தது, ஏனென்றால் பாஸ்பேட் அதற்கு உரம். பல நாடுகள் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு அந்த இடத்துக்கு ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமமும் சலவை சோடாவும் வந்தன. ஜியோலைட் தண்ணீரில் கரையாது. கறுப்புத் துணி காய்ந்த பின் மேலே மாவு தூவியதுபோலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாத தூள் இன்னொரு காரணம். என்னுடைய கறுப்புச் சட்டை ஒன்றின் தோள்பட்டையில் வந்த வெள்ளைக் கோடுகளைத் துணி நைந்ததன் அடையாளம் என்றே ஒரு வருடம் நம்பியிருந்தேன். ஈரக் கையால் துடைத்ததும் போய்விட்டது.

இனி மற்ற பாதி. இங்கேதான் டம்ளரில் பார்த்த குமிழிகள் வருகின்றன.

அந்தத் தூளில் சோடியம் பெர்கார்பனேட் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். பெராக்சைடு சிதையும்போது வரும் ஆக்சிஜன்தான் அந்தக் குமிழிகள். பெராக்சைடு ஒரு வெளுப்பான். தேநீர், திராட்சை ரசம் போன்றவற்றின் கறைகளில் நிறம் தரும் மூலக்கூறுகள் இருக்கும். அவற்றின் நிறத்துக்குக் காரணமான பிணைப்புகளை அது உடைத்துவிடும். உடைந்த துண்டுகளுக்கு நிறம் கிடையாது, தண்ணீரிலும் சுலபமாகக் கரையும். சர்ஃபாக்டன்ட் எவ்வளவு போட்டாலும் இந்த வேலை நடக்காது. 1907-ல் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் கொண்டுவந்த பெர்சில் சலவைத்தூள் பேர் வாங்கியதே இதனால்தான். அப்போது போட்டது பெர்கார்பனேட் அல்ல, அதே வேலையைச் செய்யும் பெர்போரேட். அதில் உள்ள ‘பெர்’, தூளில் இருந்த இன்னொரு பொருளான சிலிகேட்டில் உள்ள ‘சில்’ இரண்டையும் ஒட்டித்தான் அந்தப் பெயரே.

சரி, இவ்வளவு நல்ல சரக்கை லிக்விடிலும் போட வேண்டியதுதானே? போட முடியாது. பெர்கார்பனேட் தண்ணீருக்காகவே காத்திருக்கும் பொருள். பாட்டிலுக்குள் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. அதில் போட்டால் துணியைப் பார்க்கும் முன்பே வேலையை முடித்துவிடும், பாட்டிலும் வாயு ஏறி உப்பும். தூளில் மட்டும்தான் அது உலர்ந்து, தூங்கிக்கொண்டு இருக்க முடியும். வெள்ளைச் சட்டைக்கும் படுக்கை விரிப்புக்கும் பவுடர் நல்லது என்பதற்குப் பின்னால் இருக்கும் சங்கதி இதுதான். எல்லாத் தூளிலும் இது இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டியின் பின்புறம் பெர்கார்பனேட் என்றோ ஆக்சிஜன் வெளுப்பான் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் பெராக்சைடு சோம்பேறி. அதனால் டிஏஇடி என்ற துணைப்பொருளைச் சில தூள்களில் சேர்க்கிறார்கள். அது பெராக்சைடோடு வினைபுரிந்து பெர்அசெட்டிக் அமிலத்தை உண்டாக்கும்; மிதமான சூட்டிலேயே வெளுப்பு வேலை நடந்துவிடும்.

லிக்விட் இதற்கு ஈடு கட்டுவது வேறு இடத்தில். அதில் மின்னூட்டம் இல்லாத தலையுடைய சர்ஃபாக்டன்ட்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். இவற்றைக் கால்சியம் அவ்வளவாகச் சீண்டாது. உடல் எண்ணெயையும் சமையல் எண்ணெயையும் நன்றாகக் கிளப்பும். சட்டைக் காலரின் மடிப்பில் பழுப்பாக ஒரு கோடு விழுமே, அது தோலின் எண்ணெயும் உதிர்ந்த செல்களும் தூசியும் சேர்ந்தது. அதன்மேல் இரண்டு சொட்டு லிக்விடை விட்டு விரலால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்துத் துவைத்தால் தெரியும் வித்தியாசம். பவுடரில் இப்படிச் செய்ய அதை முதலில் குழைக்க வேண்டும். எண்ணெயை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாலியெஸ்டர் உடைகளுக்கு லிக்விட்தான் தோது. குளிர்ந்த தண்ணீரில் துவைப்பவர்களுக்கும் அப்படியே. அடர்நிறத் துணிக்கும் வெளுப்பான் இல்லாமல் இருப்பதே நல்லது.

அடுத்து நொதிகள். ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம் என்று 1913-ல் காப்புரிமை பெற்றார். சாப்பாட்டைச் செரிக்கும் பொருள் சாப்பாட்டுக் கறையையும் செரிக்காதா என்ற யோசனை. யோசனை அருமை, ஆனால் சலவை சோடாவின் காரத்தில் அந்த நொதி தாக்குப்பிடிக்கவில்லை. காரத்திலும் வேலை செய்யும் பாக்டீரியா நொதிகள் கிடைத்த பிறகு, 1960-களில்தான் இது பரவலானது. இன்று புரோட்டியேஸ் ரத்தம், வியர்வை, முட்டைக் கறைகளைத் துண்டாக்கும், அமைலேஸ் மாவுப்பொருளை, லைப்பேஸ் கொழுப்பை. செல்லுலேஸ் பருத்தித் துணியின் மேல் பிசிர்களைக் கத்தரித்து நிறத்தைப் பளிச்சென்று காட்டும். ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போடக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது சரிதான். சூட்டில் முட்டை இறுகுவதுபோல அந்தப் புரதம் இழையிலேயே இறுகிவிடும். பிறகு நொதியாலும் அதைச் சுலபத்தில் அசைக்க முடியாது. கம்பளியும் பட்டும்கூடப் புரதம்தான். புரோட்டியேஸுக்குக் கறை எது, துணி எது என்று தெரியாது. அந்தத் துணிகளுக்கு நொதியும் காரமும் இல்லாத மென்மையான லிக்விடைத் தனியாக வாங்கி வைப்பது உத்தமம்.

நொதி விஷயத்திலும் பாட்டில் தண்ணீர் வம்பு செய்கிறது. புரோட்டியேஸ் ஒரு புரதம். அமைலேஸும் லைப்பேஸும் புரதங்களே. ஒரே பாட்டிலில் மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்தால் புரோட்டியேஸ் மற்றவற்றைத் தின்னும், தன் இனத்தையும் தின்னும். அதனால் துவைக்கும் வரை அதைக் கட்டிவைக்கத் தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள். தொட்டித் தண்ணீரில் கரைசல் நீர்த்ததும் கட்டு அவிழும். வெயில் படும் இடத்தில் வருடக்கணக்கில் நின்ற பாட்டிலை நான் நம்பமாட்டேன்.

ஒரு தடவைக்கான சரக்கை அளந்து அடைத்து, உருண்டையாகவும் தலையணை வடிவிலும் விற்கும் சிறு பொட்டலங்களை ‘பாட்’ (pod) என்கிறார்கள். அவற்றின் உறை, பாலிவினைல் ஆல்கஹால் என்ற கரையும் படலம். உறையே கரையாமலிருக்க உள்ளே தண்ணீரை மிகக் குறைவாக வைக்கிறார்கள். வசதிதான், ஆனால் ஒரு சட்டைக்கும் ஒரு மூட்டைத் துணிக்கும் அளவு ஒன்றே. சிறு குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள்.

நுரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. முன்பக்கக் கதவு வைத்த மெஷினில் துணி மேலிருந்து விழுந்து அடிபட்டுத்தான் அழுக்கு போகிறது. நுரை நிரம்பினால் மெத்தையில் விழுவதுபோல விழும். அதற்காகவே அந்த மெஷினுக்கான சரக்கில் நுரையடக்கி சேர்க்கிறார்கள். கையால் துவைப்பதற்கான தூளை அதில் போட்டால் கதவோரம் நுரை பிதுங்குவதை வேடிக்கை பார்க்கலாம். ‘வெள்ளையைவிட வெள்ளை’ என்ற விளம்பரத்தின் ரகசியம் இன்னொன்று: ஒளிர்ப்பான்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும் சாயங்கள் இவை. துணியின் மஞ்சளை அந்த நீலம் மறைத்துவிடும். அழுக்கு போனதா என்பது வேறு விஷயம்.

நான் இப்போது பவுடர் பெட்டி ஒன்று, லிக்விட் பாட்டில் ஒன்று, இரண்டும் வைத்திருக்கிறேன். வெள்ளையும் துண்டுகளும் பவுடருக்கு, மற்றதெல்லாம் லிக்விடுக்கு. பெட்டியைக் குளியலறையில் வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன், ஈரக்காற்றிலேயே பெர்கார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொள்ளும் என்பதால். பெட்டி பழசாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். குமிழி வராவிட்டால் அந்தத் தூள் கால்மிதிகளுக்குப் போய்விடும்.