டிஃப் லாக்கரில் காற்று எந்த வழியாகப் போகிறது?

டிஃப்ரென்ஷியலைக் காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கரின் சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரஸர் சில நொடி ஓடி நின்றுவிட வேண்டும். அப்புறம் சத்தமே கேட்கக் கூடாது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மறுபடி மறுபடி ஓடினால், எங்கோ காற்று கசிகிறது. கம்ப்ரஸர் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினால், அதுவும் அதே மாதிரிதான் ஓடும். காற்று எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம்.

ஆக்சிலின் நடுவில் இருந்து இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்புதான் டிஃப்ரென்ஷியல், சுருக்கமாக டிஃப். சாதாரண டிஃப் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்றினால், அதைச் சுற்ற எவ்வளவு குறைந்த விசை போதுமோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும், அதனால்தான் வண்டி நகராது. லாக்கர் செய்வது என்னவென்றால், ஆக்சிலோடு சுற்றும் சைடு கியரை, கியர்களைச் சுமந்து சுற்றும் கூடான டிஃப் கேஸோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது. ஒரு பக்கம் பூட்டினால் போதும், நடுவில் இருக்கும் சின்ன கியர்கள் உருள முடியாமல் அடுத்த பக்கமும் தானாகவே பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டைத் தள்ளுவது காற்று. மெல்போர்னில் 1975-ல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர்தான் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்.

அழுத்தம் சுமார் 100 பிஎஸ்ஐ, அதாவது கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. காற்று தள்ளும் பிஸ்டனின் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட இருநூறு கிலோவுக்கு மேல் தள்ளும் விசை வந்துவிடும். அந்த விசை ஸ்பிரிங்கை அமுக்கி, பல் வைத்த கியரை முழுசாக உள்ளே தள்ளும். காற்று கசிந்து அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் ஜெயிக்கும், பற்கள் பாதியளவே கவ்வும். அந்த நிலையில் பாறைமேல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முழுச் சுமையும் பல்லின் ஓரத்தில் ஏறி, பல் உடையும். காற்றுக் கசிவை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம், காற்று அசையாத பாகத்திலிருந்து சுற்றும் பாகத்துக்குள் நுழையும் இடம். டிஃப் கேஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது, குழாயோ வண்டியில் அசையாமல் நிற்கிறது. இரண்டையும் எப்படி இணைப்பது? பேரிங் பக்கத்தில் கேஸின் வழவழப்பான கழுத்தின்மேல் ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும். சீல் ஹவுசிங் என்பார்கள். அது சுற்றாது. அதன் உட்பக்கத்தில் இரண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. காற்று ஒரு சின்ன செப்புக் குழாய் வழியாக அந்த இடைவெளிக்கு வந்து, கழுத்தில் இருக்கும் துளை வழியாக பிஸ்டனுக்குப் போகும். லாக்கர் ஆஃப்பில் இருந்தாலும் அந்த ஓ-ரிங்குகளுக்கு ஓய்வு கிடையாது. 31 இன்ச் டயர் போட்ட வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்தக் கழுத்து நிமிஷத்துக்கு 500 தடவைக்கு மேல் ரப்பரை உரசிக்கொண்டே சுற்றுகிறது. கியர் ஆயிலில் இரும்புத்தூள் கலந்திருந்தால் அந்த உரசலே அரம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, கசிவை எப்படித் தேடுவது? வண்டி குளிர்ந்திருக்கும்போது, இன்ஜின் ஆஃப்பில், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுச் செய்யுங்கள். லாக்கரைப் போடாமல் கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். நின்ற பிறகு மறுபடி ஓடினால் கசிவு கம்ப்ரஸருக்கும், லாக்கருக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் மின்சார வால்வான சோலினாய்டுக்கும் இடையில்தான், டிஃப்பைத் தொடவே வேண்டாம். அமைதியாக இருந்தால் லாக்கரைப் போடுங்கள். இப்போது விட்டு விட்டு ஓடினால் சோலினாய்டுக்குப் பிறகுதான் கசிவு. சோப்புத் தண்ணியை பிரஷ்ஷில் தொட்டு எல்லா மூட்டிலும் தடவுங்கள். 5 அல்லது 6 மில்லிமீட்டர் நைலான் குழாய் சைலன்சர் பக்கம் போகிறதா என்பதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உருகிய துளை பெரும்பாலும் மேல்பக்கம் மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

வெளியே ஒரு குமிழிகூட வரவில்லையா? டிஃப்புக்குள் அழுத்தம் சேராமல் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாயின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பிடியுங்கள். லாக்கரைப் போட்டதும் குமிழி வரிசையாகக் கிளம்பினால், காற்று டிஃப்பின் வெளிக்கூடான ஹவுசிங்குக்குள் கசிந்து அங்கிருந்து வெளியேறுகிறது. சூடான வண்டியில் ஆயில் விரிவதாலும் குமிழி வரும், அதற்காகத்தான் குளிர்ந்த வண்டி என்று சொன்னேன். பார்த்ததும் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. லாக்கரை ஆஃப் செய்யும்போது சோலினாய்டின் வெளியேற்றத் துளையில் கியர் ஆயில் தெறித்தால், தேய்ந்த ஓ-ரிங்கைத் தாண்டி ஆயில் காற்றுப் பாதைக்குள் போயிருக்கிறது. புதிதாக மாட்டிய லாக்கரில் கொஞ்சம் ஆயில் வருவது மட்டும் சகஜம்.

வெளிக்கசிவு என்றால் வேலை சுலபம். குழாய் நுனியைக் கூரான பிளேடால் நேராக வெட்டி மறுபடி சொருகுங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் குழாய் முட்டை வடிவமாகிவிடும், எவ்வளவு அழுத்திச் சொருகினாலும் கசியும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாமல் திரவ சீலன்ட் போடுங்கள், டேப்பின் ஒரு துணுக்கு போய் சோலினாய்டில் உட்கார்ந்தால் அதுவே புதுக் கசிவு.

உள்கசிவுக்கு ஆயிலை வடித்து, ஆக்சில் ஷாஃப்டை உருவி, கேஸை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். பேரிங் கேப்பும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று குறித்து வைக்காவிட்டால் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களின் இடைவெளி மாறி ஊளைச் சத்தம் வரும். பேரிங்கைப் புல்லர் போட்டு எடுத்தால் சீல் ஹவுசிங் கையோடு வந்துவிடும். ஓ-ரிங் மாற்றும் முன் கழுத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் புது ஓ-ரிங்கும் அங்கே நிற்காது. புதியதை ஆயிலில் நனைத்துப் போட வேண்டும், காய்ந்த ரப்பர் முதல் சில சுற்றிலேயே கிழிந்துவிடும். செப்புக் குழாயை கிரவுன் வீலில் படாமல் வளைத்து வையுங்கள். ஹவுசிங்கை மூடுவதற்கு முன்பே காற்றை ஏற்றி, கேஸைக் கையால் சுற்றிக்கொண்டே காதை அருகில் வைத்துக் கேளுங்கள். பிஸ்டன் நகரும் ‘டக்’ ஒரு தடவை கேட்க வேண்டும், அதற்குப் பிறகு மெல்லிய ‘உஸ்’கூட வரக் கூடாது.