மேட்டுப்பாளையத்தில் பாஸ், ஊட்டியில் ஃபெயில்

என்னிடம் ஒரு பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர் இருக்கிறது. ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் புகைச் சோதனைக்கு விட்டபோது தாராளமாகத் தேறியது. நாலு நாள் கழித்து ஊட்டியில், வேறொருவர் வண்டிக்குச் சோதனை நடந்துகொண்டிருந்த இடத்தில், சும்மா ஓர் ஆசைக்கு அதே ஸ்கூட்டரின் சைலன்சரில் குழாயைச் செருகிப் பார்த்தோம். கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீத வரம்பைத் தாண்டிக்கொண்டு போனது. நடுவில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. டேங்கில் இருந்த பெட்ரோல்கூட கீழே போட்டதுதான். மாறியது காற்று மட்டும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முன்னூறு மீட்டர் சொச்சம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 100 பங்கு என்று வைத்தால் ஊட்டியில் 76 பங்குதான் மிஞ்சும். தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக அடம்பிடிப்பதும் இதனால்தான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குக் காற்றை எடை போடத் தெரியாது. குறுகிய தொண்டை வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் இறங்கும். அந்த இறக்கம் ஜெட் துளை வழியே பெட்ரோலை உறிஞ்சும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. மலை ஏறினால் காற்றின் அடர்த்தி குறைகிறது, பெட்ரோல் வரத்தும் குறைகிறது. ஆனால் இரண்டும் ஒரே அளவில் குறைவதில்லை. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பெட்ரோல் பத்தில் ஒரு பங்குதான் குறையும், ஏனென்றால் பெட்ரோல் வரத்து அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அது கிடைக்காதபோது கார்பன் பாதி எரிந்து, கார்பன் டையாக்சைடு ஆகவேண்டியது கார்பன் மோனாக்சைடாக வெளியே வருகிறது.

இதைக் குன்னூர் மெக்கானிக்குகள் பாடப்புத்தகம் இல்லாமலே அறிவார்கள். என் வண்டியைப் பார்த்தவர் முதலில் கேட்டதே, "இது மேல ஓடற வண்டியாண்ணா, கீழ ஓடற வண்டியாண்ணா?" என்றுதான். பிறகு காற்று வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்பினார். ஐடிலிங் சத்தம், அதாவது ஆக்சிலேட்டர் தொடாமல் நிற்கும்போது எஞ்சின் ஓடும் சத்தம், உடனே தெளிந்தது. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசித்துளையால் தெளிக்கும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்த வைத்தியம் தேவையில்லை. உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது, புகைக்குழாயில் மீந்திருக்கும் ஆக்சிஜனை இன்னொன்று முகர்கிறது. இரண்டையும் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

சரி, அந்தச் சோதனைக் கருவி என்னதான் பார்க்கிறது? பெட்ரோல் வண்டியை ஐடிலில் நிறுத்தி, சைலன்சருக்குள் குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்குக் குழாயை விடவேண்டும். நுனியில் வைத்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைத்துக் காட்டும். உறிஞ்சிய புகை வழியே அகச்சிவப்பு ஒளி செலுத்தப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு 4.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைப் பிரியமாக விழுங்கும். எவ்வளவு ஒளி காணாமல் போனதோ அதை வைத்து வாயுவின் அளவைக் கணக்கிடலாம். எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவிக்கும் இதே வித்தைதான், அலைநீளம் மட்டும் வேறு. 2000-க்குப் பிந்தைய, பிஎஸ் 6-க்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் (அந்த எரியாத பெட்ரோல் ஆவி) 4,500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 4,500 பங்கு வரை போகலாம். பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், இந்தியாவின் புகைக் கட்டுப்பாட்டுப் படிநிலை. பிஎஸ் 4 காருக்கு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும்தான். அந்த வித்தியாசம் பெரும்பாலும், புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் புண்ணியம். அதுவும் சுமார் 300 டிகிரி சூடு ஏறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். மார்கழிக் குளிரில் லவ்டேலிலிருந்து ஊட்டி மார்க்கெட் வரை போய் வருகிற கார், கிளம்பிய கொஞ்ச நேரத்துக்குக் கன்வெர்ட்டர் இல்லாத கார்தான்.

டீசலுக்குச் சோதனை வேறு மாதிரி. வண்டி நியூட்ரலில் நிற்கும், ஓட்டுநர் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுதாக மிதிப்பார், பொங்கி வரும் புகையின் குறுக்கே ஓர் ஒளிக்கற்றை பாயும். பழைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ். அதாவது 43 செ.மீ. நீளப் புகையைக் கடக்கும்போது 100 பங்கு ஒளியில் 65 மறைந்துபோகலாம். பிஎஸ் 4 வண்டிக்கு 50. மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை மறைக்கும் புகையும் 'தேர்ச்சி'தான் என்பதை யோசித்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இனி கல்லாறு தாண்டி குன்னூர் வரையிலான 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் நின்று பாருங்கள். ஆள் நிறைந்த வேன் ஒன்று வளைவில் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. ஓட்டுநர் முதல் கியர் போட்டு அழுத்துகிறார். பின்னால் ஒரு கரும்பந்து. உயரத்தில் குறையும் காற்றை டர்போ என்னும் காற்றுச் சுழலி அழுத்தித் திணித்து ஈடுகட்டும் என்பது உண்மை, ஆனால் டர்போவைச் சுழற்றுவதே புகையின் வேகம்தான். நின்று கிளம்பும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் டீசல் வந்துவிடுகிறது, காற்று வந்து சேரவில்லை. எரிய ஆக்சிஜன் இல்லாத டீசல் துளி கரியாகிறது. பழைய எஞ்சினில் பம்ப் தரும் டீசல் அளவு சமவெளிக்கென்று திருகி வைத்தது. அது மேலேயும் அதே அளவைத்தான் கொட்டும்.

என் மனத்தாங்கல் இதுதான்: வண்டி வரம்புக்குள் புகைவிடுகிறது என்று தரும் சான்றிதழுக்கான சோதனை நிற்கிற வண்டிக்கு, சுமை இல்லாமல், பெரும்பாலும் சமவெளியில் நடக்கிறது. மலைக்காரர்கள் முகர்வதோ ஏறுகிற வண்டியின் புகையை. விதியில் உயரத்துக்கென்று தனி வரம்பு கிடையாது. நைட்ரஜன் ஆக்சைடுகள் சுமையில் எஞ்சின் கொதிக்கும்போதுதான் அதிகம் உருவாகின்றன, சான்றிதழில் அவற்றுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. புதிய மாடல் கார்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து, கருவியை வண்டியிலேயே ஏற்றி ஓடும்போதே அளக்கும் சோதனை வந்திருக்கிறது. அது கம்பெனி அனுமதி வாங்கும்போது நடப்பது, நாம் எடுக்கும் சான்றிதழுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புது வண்டிக்கு முதல் ஓராண்டு விலக்கு. அப்புறம் பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிஎஸ் 4-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை. சப் இன்ஸ்பெக்டரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ சந்தேகப்பட்டால் வழியில் நிறுத்திச் சோதனைக்கு அனுப்பலாம், சான்றிதழ் கையில் இருந்தாலும் சரி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகை விதியை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். இந்த வழியில் நிறுத்தும் அதிகாரத்தைத்தான் மலைப்பாதையில் அதிகம் பயன்படுத்தவேண்டும் என்பேன், ஏனென்றால் சுமையோடு ஏறும் வண்டி தன் குறையை ஒளிக்க முடியாத இடம் அதுதான். காகிதத்தை மட்டும் கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு சோதனை நிலையத்தில் என் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படமெடுத்துவிட்டு, குழாயைச் செருகாமலே சான்றிதழை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன், அது என் தப்பு.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வண்டிகளுக்கு ஆன்லைன் நுழைவு அனுமதி, வந்தது. அடுத்த கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு விழுந்தது. இது புகைக்காக மட்டும் வந்ததல்ல. ஆனால் ஊர்ந்து நிற்கும் வரிசை குறைந்தால் வளைவுக்கு வளைவு நின்று கிளம்பும் கரும்பந்துகளும் குறையும்.

குளிர்காலத்தில் இன்னொரு சங்கதி. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, கனமான குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு, ஒரு மூடிபோல் கவிந்திருக்கும். ஊட்டியை ஒட்டிய தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி விழுவது இப்படித்தான். அதே மூடிக்கு அடியில் விடியற்காலைப் புகையும் மாட்டிக்கொள்ளும், வெயில் ஏறி தரை சூடாகும்வரை. அந்த நேரத்தில் சைலன்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவியைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது பெரும்பாலும் நீராவி. நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

இறங்கும்போது நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் ஆபத்து ஒருபுறம், கணக்கே தப்பு என்பது மறுபுறம். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் எரிந்துகொண்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியை இரண்டாம் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் இன்ஜெக்டரையே மூடிவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். குன்னூரிலிருந்து பர்லியார் வரை அப்படி இறங்கும் நேரங்களில் சைலன்சர் வழியே வெளியே வருவது, முன்னால் உள்ளே போன அதே மலைக்காற்று.