லீக் டூ நடுகள வீரரின் ஒப்பந்தத் தாள்: கையெழுத்திடும் முன் குடும்பம் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கால்பந்துப் பேச்சு கூடியிருக்கிறது. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன் 2024-இல் பார்ன்ஸ்லி கிளப்பின் முதல் அணிக்காக நடுகளத்தில் இறங்கியது அதற்கு ஒரு காரணம். பார்ன்ஸ்லி அப்போது ஆடியது லீக் ஒன், அதாவது இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கு. அந்த அடுக்கிலும் அதற்குக் கீழேயுள்ள லீக் டூவிலும் ஒரு நடுகள வீரரின் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் வாழ்க்கை அமைந்துவிட்டது என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். ஒப்பந்தம் எழுதும் வேலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்களுக்கு அந்த எண்ணம்தான் பெரிய கவலை. இந்த அடுக்கில் ஒருவர் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆடினாலும் அது ஓராண்டு, ஈராண்டுத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிய கணக்குத்தான். ஒவ்வொரு தாளும் ஜூன் 30 அன்று காலாவதியாகும்.

முதல் வாசல் 16 வயதில் வருகிறது. கிளப்பின் இளையோர் பயிற்சி அகாடமியில் இருக்கும் பையனுக்கு ஈராண்டு ஸ்காலர்ஷிப் கிடைக்கும். பயிற்சியோடு பிளஸ் டூவுக்கு நிகரான படிப்பும் உண்டு. 17 வயது முடிந்தால் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். 18-இல் பெரும்பாலோர் வெளியே அனுப்பப்படுகிறார்கள். அப்படி வெளியேறுபவர்களுக்காக, தொழில்முறை வீரர் சங்கமான பி.எஃப்.ஏ.யும் லீக் நிர்வாகமும் சேர்ந்து 2004-இல் தொடங்கிய லீக் ஃபுட்பால் எஜுகேஷன் என்ற அமைப்பு தேர்வு ஆட்டங்கள் நடத்துகிறது. மற்ற கிளப்புகளின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். "எப்படியும் ஒப்பந்தம் வரும்" என்று அந்தப் படிப்பைப் பாதியில் தளரவிடும் பையன்தான் இந்த வாசலில் அதிகம் அடிபடுகிறான். பாடவேலையை நாள் தவறாமல் ஒப்படைக்கச் செய்யுங்கள். அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகைக்கு முயன்றாலும் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரதிநிதித்துவ ஒப்பந்தம் ஈராண்டுக்கு மேல் போடக் கூடாது. 18 வயதுக்குக் கீழுள்ளவருக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், அந்த ஏஜென்டுக்குச் சிறார் வீரர்களுடன் பணியாற்றும் தனி அனுமதியும் வேண்டும். 14 வயதுப் பையனின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் பூட்ஸ் படம் அனுப்பி நெருங்குபவர் விதியை மீறுகிறார். வேறு யோசனையே வேண்டாம், விலகிவிடுங்கள்.

இனி ஒப்பந்தத் தாள். வாரச் சம்பளம் என்று தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோகிறார்கள். வாரம் 800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 41,600. 12,570 வரை வருமான வரி இல்லை. மீதி 29,030-க்கு 20 விழுக்காடு வரி 5,806 பவுண்டு, 8 விழுக்காடு தேசியக் காப்பீடு ஏறத்தாழ 2,322 பவுண்டு. கையில் வருவது மாதம் சுமார் 2,790. வாடகை, கார், எரிபொருள், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் இதிலிருந்துதான். மோசமான சம்பளம் என்று சொல்ல வரவில்லை. ஒரு தாதியோ ஆசிரியரோ வாங்குவதோடு ஒப்பிடக்கூடிய சம்பளம். அவர்களுக்கு அடுத்த ஜூலையிலும் அது வரும், இவருக்கு வருமா என்பது மே மாதம்தான் தெரியும்.

தாளில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே இருக்கும் நிபந்தனைகளில்தான் வீரர்கள் ஏமாறுகிறார்கள். களமிறங்கும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை இருக்கும். முதல் பதினொருவரில் இருந்தால் முழுதும், மாற்று வீரராக வந்தால் பாதியும் தருவது வழக்கம். ஆட்டத்துக்கு 150 பவுண்டு என்றால், தொடைத் தசை கிழிந்து 18 ஆட்டம் போனவருக்கு 2,700 பவுண்டு போச்சு. ஆகவே வீட்டுச் செலவை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடக்குங்கள். ஒப்பந்தம் போட்டதற்காகத் தரும் கையெழுத்துப் பணம் ஒரே நாளில் வருவதில்லை. ஆண்டுத் தவணையாக வரும். வீரரே எழுத்து மூலம் வேறு கிளப் கேட்டால் மீதித் தவணையை இழக்க நேரும். கோபத்தில் ஒரு கடிதம் எழுதுவதற்கு முன் தவணைத் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது விருப்ப நீட்டிப்பு. "25 ஆட்டங்களில் தொடக்க அணியில் இடம்பெற்றால் மேலும் ஓராண்டு" என்று எழுதியிருக்கும். பார்க்க நல்லது. 23, 24 என்று எண்ணிக்கை ஏறும்போது, அணி நிலை சுமாராக இருந்தால், அந்த வீரர் திடீரென்று பெஞ்சில் உட்காருவார். பயிற்சியாளரைக் குறை சொல்வதில் பயனில்லை. மேலிடத்திலிருந்து கணக்கு வந்திருக்கும். லீக் ஒன், லீக் டூ கிளப்புகள் வருமானத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் வீரர் சம்பளத்துக்குச் செலவிடக் கூடாது என்ற விதி இருக்கிறது. தானாக நீளும் ஒவ்வொரு ஆண்டும் அவர்களுக்குச் சுமை. பேச்சுவார்த்தையின்போதே தொடக்க ஆட்டத்தோடு மாற்று வீரராக வரும் ஆட்டத்தையும் எண்ணிக்கையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலமுறை சம்மதிப்பார்கள். நீட்டிப்பு உரிமை கிளப்புக்கு மட்டுமா, இருவருக்கும் உண்டா என்பதையும் பாருங்கள். கிளப்புக்கு மட்டும் என்றால் வீரர் காத்திருக்க வேண்டியவர், அவ்வளவுதான். அணி கீழ் அடுக்குக்கு இறங்கினால் சம்பளம் குறையும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். மேலேறினால் கூடும் என்ற நிபந்தனையும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று: ஏஜென்டின் கட்டணத்தில் வீரர் பங்கை கிளப் கொடுத்தால், வரித்துறை அதை வீரருக்குக் கிடைத்த சலுகையாகக் கணக்கிட்டு வரி போடும். கையில் வராத பணத்துக்கு வரி. அடுத்த ஆண்டு வரிக் குறியீடு மாறி மாதச் சம்பளம் குறையும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

கிளப்பே கவிழ்ந்தால்? 1885-இல் தொடங்கி, 1900, 1903 ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பை வென்ற பரி கிளப் 2019 வசந்தத்தில் லீக் டூவிலிருந்து மேலேறியது. அதே மாதங்களில் வீரர்களுக்குச் சம்பளம் நின்றிருந்தது. அந்த ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுனை நீதிமன்றம் மூட உத்தரவிட்டது. 2025-இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டமும் அதன் சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பும் இத்தகைய வீழ்ச்சிகளைத் தடுக்கத்தான். ஆனாலும் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருப்பதை எந்தச் சட்டமும் ஈடுசெய்யாது. சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் பி.எஃப்.ஏ.வுக்கு அன்றே தகவல் சொல்லுங்கள்.

உடம்புப் பக்கம் வருவோம். லீக்கில் 46 ஆட்டம். கோப்பைப் போட்டிகளையும் சேர்த்தால் 50-ஐத் தாண்டும். மத்திய நடுகள வீரர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். தசையைத் தின்பது அந்தத் தூரத்தைவிடவும் நின்று, திரும்பி, மீண்டும் பாய்வது. கவட்டியும் பின்தொடையும் முதலில் சொல்லும். சனிக்கிழமை ஆடி, செவ்வாய் இரவு வெளியூரில் ஆடி, பேருந்தில் விடிகாலை வீடு சேரும் வாரங்கள்தான் ஆபத்தானவை. தசையில் மாவுச்சத்து நிரம்ப 48 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆட்டம் முடிந்ததும் முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் மாவுச்சத்து தேவை. 75 கிலோ வீரருக்கு மணிக்கு 75 கிராம். சமைத்த சோறாக ஏறத்தாழ 270 கிராம். பேருந்தில் தரும் பீட்சா போதவில்லையென்றால் வீட்டிலிருந்து கோழிக்கறியும் சோறும் டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். இதைவிட நல்ல மீட்பு உணவு தேடினாலும் கிடைக்காது.

ஊரிலிருந்து வரும் லேகியத்தையும் சூரணத்தையும் மட்டும் கொடுக்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்த சான்று இல்லாத எதுவும் வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது பதிலாகாது. வலிக்குச் சாதாரணமாக எழுதிக் கொடுக்கப்படும் டிராமடால்கூட 2024 ஜனவரி 1 முதல் போட்டி நாட்களில் தடை செய்யப்பட்டது.

பின்தொடைத் தசை கிழிந்தால், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர் அவசரப்படுவார். மார்ச்சில் தலைகாட்டாவிட்டால் மே மாதம் பெயர் இருக்காது என்ற பயம். நடக்க வலிக்கவில்லை, மெதுவோட்டத்தில் வலிக்கவில்லை என்று களமிறங்கி இரண்டாவது முறை கிழித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கிழிசல் முதலாவதைவிட நாள் பிடிக்கும். உச்ச வேகத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் வெவ்வேறு நாட்களில் சில முறை ஓடி, மறுநாள் காலை இறுக்கம் இல்லை என்று உறுதியான பிறகே ஆட்டம். முழங்கால் முன் குறுக்குத் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதத்துக்கு முன் திரும்ப நினைக்க வேண்டாம். காயத்தின்போது எத்தனை மாதம் முழுச் சம்பளம், எப்போது பாதி, எப்போது ஒப்பந்தத்தையே முடிக்கலாம் என்ற பகுதி தாளின் பின்பக்கங்களில் இருக்கும். காயம் வருவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

தலையால் முட்டுவதும் இந்த அடுக்கில் அதிகம். பந்து அடிக்கடி வானத்தில் இருக்கும். முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளை நரம்பு தேய்வு நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று 2019-இல் ஸ்காட்லாந்து ஆய்வு காட்டியது. 2021 முதல், 35 மீட்டருக்கு மேல் வரும் நீண்ட பந்து, கார்னர், ஃப்ரீ கிக் போன்ற பலமான முட்டல்கள் பயிற்சி வாரத்துக்குப் பத்துக்கு மேல் கூடாது என்பது வழிகாட்டுதல். அகாடமிப் பையன் பயிற்சி முடிந்து தனியாக நின்று முட்டிப் பழகினால் அதுவும் அந்தப் பத்தில் சேரும். தலையில் அடிபட்டுத் தலைசுற்றினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

சூதாட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2014 ஆகஸ்ட் முதல் இந்த வீரர்கள் உலகின் எந்தக் கால்பந்து ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது. நண்பனின் கணக்கில் கட்டுவதும், "நம்ம கோல்கீப்பருக்குக் கால் வலி" என்று உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் குற்றம்தான். மதியம் ஒரு மணிக்குப் பயிற்சி முடிந்து, தெரியாத ஊரில் தனியாக இருக்கும் இளைஞனுக்குக் கைபேசிதான் துணை. 2023-இல் எட்டு மாதத் தடை வாங்கிய இங்கிலாந்து முன்கள வீரர் ஐவன் டோனியின் பந்தயங்கள் அவர் கீழ் அடுக்குகளில் ஆடிய காலத்திலேயே தொடங்கியவை. பழக்கம் பிடித்துவிட்டால், ஆர்சனல் அணியின் முன்னாள் கேப்டன் டோனி ஆடம்ஸ் 2000-இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் சான்ஸ் அமைப்பில் உதவி கிடைக்கும்.

மே மாதம், யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்ற பட்டியலை ஒவ்வொரு கிளப்பும் வெளியிடும். விடுவிக்கப்பட்டவருக்கு ஜூன் 30-க்குப் பிறகு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் பழைய கிளப்பிலிருந்து உண்டு. அதற்குள் புதிய கிளப் கிடைத்தால் அந்தப் பணம் நின்றுவிடும். ஆகஸ்டில் யாரும் எடுக்காவிட்டால் வருமானம் பூஜ்யம். 24 வயதுக்குக் கீழிருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: பழைய கிளப் முந்தைய நிபந்தனைகளுக்குக் குறையாத புதிய ஒப்பந்தம் தந்து, அவர் மறுத்து வெளியேறினால், எடுக்கும் கிளப் இழப்பீடு கொடுக்க வேண்டும். தம்மை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி மறுத்துவிட்டு, இழப்பீட்டுக்குப் பயந்து லீக் டூ கிளப்புகள் தொடாமல் விட்ட 22 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். மறுக்கும் முன் எடுக்கப்போகும் கிளப்பிடம் இதைப் பேசிவிட வேண்டும்.

ஜூலையில் பயிற்சி ஆட்டங்களுக்குச் சோதனை வீரராகப் போவார்கள். அணிப் பட்டியலில் பெயர்கூட இருக்காது, "ட்ரையலிஸ்ட்" என்று மட்டும் இருக்கும். அந்த 45 நிமிடத்துக்கு ஜூன் மாதம் முழுக்கத் தனியாக ஓடித் தயாராக வேண்டும். அப்போது கிளப் மைதானமும் இல்லை, உடற்பயிற்சி நிபுணரும் இல்லை. சோதனை ஆட்டத்தில் காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு பூட்ஸ் கட்டுங்கள். வாடகை வீட்டை ஒப்பந்தம் முடியும் தேதியோடு முடியும்படி எடுப்பதும் இதனால்தான். செப்டம்பரில் 12 மாத வாடகை ஒப்பந்தம் போட்டவர், ஜூலையில் வேறு ஊரில் இன்னொரு வாடகையும் சேர்த்துக் கொடுப்பார்.

30 தாண்டினால் தாள்கள் ஓராண்டுக்குச் சுருங்கும். வேகம் குறைந்ததும் இரு கோல் பகுதிகளுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கும் வேலையை விட்டு, தடுப்பாட்டத்துக்கு முன்னால் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு மாறுபவர்கள் மேலும் சில ஆண்டுகள் நிற்கிறார்கள். அதன்பின் லீக்குக்கு வெளியே, வாரம் இரண்டு மாலைகள் பயிற்சி நடக்கும் பகுதிநேரக் கிளப்புகள். பலர் இதை இறக்கமாக நினைக்கிறார்கள். எங்கள் கருத்தில், கையில் ஒரு தொழில் இருந்தால் பகல் வேலையும் அந்தச் சம்பளமும் சேர்ந்து லீக் டூவின் அடிப்படைச் சம்பளத்தை விஞ்சுவது உண்டு.

அந்தத் தொழிலை 33-இல் தேடக் கூடாது. 1907-இல் மான்செஸ்டரில் தொடங்கப்பட்ட பி.எஃப்.ஏ., உறுப்பினர்களின் படிப்புக்கு நிதி தருகிறது. ஓய்வுபெற்ற பின்னும் அந்த உரிமை உண்டு. சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம், ஸ்டாஃபோர்ட்ஷையரில் விளையாட்டு இதழியல் படித்து வெளிவந்த முன்னாள் வீரர்கள் பலர். பயிற்சி மதியத்தோடு முடிந்துவிடும், மாலை முழுவதும் கையில் இருக்கிறது. பகுதிநேரப் பட்டப்படிப்பு ஐந்து, ஆறு ஆண்டு பிடிக்கும். ஆகவே 26, 27 வயதில், ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே, பி.எஃப்.ஏ.வின் கல்விப் பிரிவைத் தொடர்புகொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.